யாழ் கேட்ட பாட்டு

பாட்டுக்கு உரிமை யாருக்கு? ஏட்டிலே எழுதிய கவிஞருக்கா? பண் கூட்டிய இசைவாணருக்கா? குரல் தந்தவருக்கா? நடித்தவருக்கா? பணம் போட்டுப் படம் பிடித்த முதலாளிக்கா?

இவர்கள் அனைவருக்கும் பங்கு உண்டு. பங்கை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆனால் தோழர்களே, இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய உரிமை ஒருவருக்கு உண்டு. அந்தப் பாட்டு யாரை நோக்கிப் பாடப்பட்டதோ, அவருக்கு!

"துன்பம் நேர்கையில்" என்ற பாட்டை அறியாத தமிழர் உண்டா? 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த "ஓர் இரவு" படத்தைப் பார்க்காதவர் பலர் இருப்பர். படத்தின் கதை என்ன என்று கேட்டால் கையை விரிப்பவர் அவரினும் பலர். ஆனால் அந்தப் பாட்டின் முதலிரண்டு சொல்லைக் காதில் போட்டால் போதும். வில்லியனூர்ச் சந்தையிலே சுமை இறக்கும் தோழரும் நிமிர்ந்து பார்ப்பார். பாகூர் வயலிலே நாற்றுப் பறிக்கும் அம்மையும் மீதியை முணுமுணுப்பார். எழுபது ஆண்டு கடந்து, கறுப்பு வெள்ளைப் படம் மங்கிய பின்னும், பாட்டு மங்கவில்லை!

ஏன் மங்கவில்லை? அதுவும் நம் புதுவை மண்ணிலே பிறந்த பாட்டு என்று பெருமை பேசிவிட்டு ஓய்ந்து விடலாமா? பெருமை பேசுவது எளிது. பாட்டு கேட்டதைக் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்ப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை இன்று செய்து பார்ப்போம்.

கனக சுப்புரத்தினம் 1891 ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையிலே பிறந்தார். பாரதியாரிடம் கொண்ட பற்றினால் பாரதிதாசன் ஆனார். பாவேந்தர் என்று நாம் வாயாரச் சொல்கிறோமே, அவர் மாளிகையிலே அமர்ந்து பாட்டுக் கட்டியவரல்லர். பள்ளிக்கூட வாத்தியார்! 1909 முதல் 1946 வரை, 37 ஆண்டுக்காலம் பிரெஞ்சு அரசின் பள்ளிகளிலே சுண்ணாம்புக் கட்டி பிடித்த கை அது. மாற்றல் ஆணை வரும், மூட்டை கட்டுவார், மற்றோர் ஊர்ப் பள்ளிக்குப் போவார். ஓலைக் கூரையின் கீழ்க் குந்தியிருந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர். பாரிசிலே எழுந்த முழக்கமோ சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பள்ளியின் வாசலிலே கண்டதோ சேரி வேறு, ஊர் வேறு. முழக்கத்துக்கும் வாழ்க்கைக்கும் இருந்த இந்த இடைவெளியிலேதான் அவருடைய பாட்டுகள் பிறந்தன.

பாவேந்தர் பாட்டை அச்சிலே விட்டுவிட்டு, "படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும்" என்று இருந்தவர் அல்லர். பாமரன் பாட வேண்டும் என்று விரும்பியவர். அதற்காகவே மெட்டிலே அமரும் பாட்டுகளைக் கட்டி "இசையமுது" என்று பெயரிட்டார். நாம் பேசும் பாட்டு அந்த நூலிலே இருப்பது. சினிமாவுக்காக எழுதப்பட்டது அன்று. சினிமா அதைத் தேடி வந்தது!

அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம் என்பதை இளந்தோழர்கள் அறிய வேண்டும். தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை! தெலுங்குக் கீர்த்தனை பாடுவார்கள், வடமொழிக் கீர்த்தனை பாடுவார்கள். கடைசியிலே, கச்சேரி கலையும் நேரத்திலே, துக்கடா என்று சொல்லித் தமிழைத் தூவுவார்கள், சாப்பாட்டுக்குப் பின் பாக்குத் தூள் போல! பொருள் புரியாமலே தலையாட்டுவதுதான் ரசனை என்று சொல்லப்பட்டது. 1941ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மாநாடு கூடித் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டது. "தமிழ்நாட்டிலே தமிழிலே பாடு" என்று கேட்டதற்கே எதிர்ப்பு எழுந்தது! 1943ஆம் ஆண்டு சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. அதற்குச் சில ஆண்டு முன்னர்தான் பள்ளியிலே இந்தி திணிக்கப்பட்டதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இலே உயிர் நீத்திருந்தார்கள். பள்ளியிலும் தமிழுக்கு இடையூறு. பாட்டு மேடையிலும் தமிழுக்கு இடையூறு. அந்த நேரத்திலேதான் பாவேந்தர் இசைத்தமிழை எடுத்து நீட்டினார்.

நீட்டியதை வாங்கிப் பண் கொடுத்தவர் யார்? எம்.எம்.தண்டபாணி தேசிகர். திருச்செங்காட்டாங்குடியிலே தேவாரம் ஓதும் மரபிலே வந்தவர். 1942இலே ஜெமினியின் "நந்தனார்" படத்திலே நந்தனாராக நடித்து நாடறிந்தவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்! பாவேந்தரோ, கடவுளின் பெயரால் நடந்த கொடுமைகளைக் கவிதையாலே சாடிய பகுத்தறிவாளர். இவர் பாட்டுக்கு அவர் பண் அமைத்தார். தமிழ் என்ற ஒரு சொல் திருநீற்றையும் கறுப்புச் சட்டையையும் ஒரே மேடையிலே அமர வைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மறைப்பது நேர்மையாகாது. தேசிகர் அந்தப் பாட்டுக்குத் தேர்ந்த இராகம் தேஷ். பெயரே சொல்லும், அது வடநாட்டு இசையிலிருந்து வந்தது என்று. "பார்த்தீர்களா, உங்கள் தமிழிசைப் பாட்டுக்கே வடக்கிலிருந்துதான் மெட்டு வந்தது" என்று மாற்றார் நகைக்கலாம். நகைக்கட்டும்! நாம் வடநாட்டு இசையை வெறுத்தோமா? வடநாட்டு மக்களை வெறுத்தோமா? இல்லையே. விருந்தாக வருபவனுக்கு வாழையிலை விரிப்பவன் தமிழன். வந்தவன் வீட்டுக்காரனை வெளியே தள்ளினால்தான் வாசலிலே மறித்து நிற்பான். தேஷ் இராகம் விருந்தாளியாக வந்தது. தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலே அடக்கமாக அமர்ந்தது. அதனால் அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. திணிப்புக்கும் இணைப்புக்கும் உள்ள வேற்றுமைக்கு இதைவிட இனிய சான்று வேண்டுமா?

இனி, பாட்டு திரைக்கு வந்த கதை. அறிஞர் அண்ணா, நடிப்பிசைப் புலவர் கே.ஆர்.இராமசாமியின் நாடகக் குழுவுக்காக எழுதிய நாடகம் "ஓர் இரவு". செல்வர் மாளிகையிலே இரவிலே திருட நுழைகிறான் ஒருவன். அவன் யார்? அந்தச் செல்வரே முன்பு கைவிட்ட ஏழைப் பெண்ணின் மகன்! எவன் திருடன், எவன் கனவான் என்று ஒரே இரவிலே தராசுத் தட்டு தலைகீழாகிறது. அரசியலிலே எதிர்முகாமில் இருந்த கல்கியே நாடகத்தைப் பார்த்து மனமாரப் புகழ்ந்தார். ஏ.வி.எம். நிறுவனம் அதைப் படமாக்கியது. திரைக்கதை, உரையாடல் அண்ணா. இயக்கம் ப.நீலகண்டன். இசை ஆர்.சுதர்சனம். தேசிகரின் மெட்டிலேயே பாட்டு படத்துக்குள் நுழைந்தது. எம்.எஸ்.ராஜேஸ்வரியும் வி.ஜே.வர்மாவும் குரல் கொடுத்தனர். லலிதாவும் நாகேஸ்வர ராவும் திரையிலே தோன்றினர்.

கூட்டிப் பாருங்கள் தோழர்களே! பாட்டு புதுச்சேரிக்காரர். பண் சோழநாட்டு ஓதுவார் மரபு. கதை காஞ்சிபுரத்தார். படமுதலாளி காரைக்குடிச் செட்டியார். நடித்தவர்களில் ஒருவர் ஆந்திரத்துக்காரர், ஒருவர் திருவிதாங்கூர்க்காரர். வில்லியனூர்த் தேரோட்டத்திலே பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடிப்பார் என்பது நம் பெரியவர்கள் சொன்ன கதை. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். கவர்னர் தொட்ட வடத்தை எல்லோரும் தொட முடிந்ததா என்பது வேறு கேள்வி. பாவேந்தரின் பாட்டுத் தேருக்கு அந்தத் தடை இல்லை. சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, மாநிலம் கேட்கவில்லை. வடம் பிடித்த கைகள் பல. அசைந்தது தமிழ்த் தேர்!

வடம் பிடித்தவர்களுக்குள் மனத்தாங்கல் இல்லாமலா இருந்தது? இருந்தது. 1946 ஜூலையிலே சென்னையிலே விழா எடுத்து, நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமையிலே, 25,000 ரூபாய் பொற்கிழியைப் பாவேந்தருக்கு வழங்கப் பாடுபட்டவர் அண்ணா. அந்தக் கால 25,000! பிற்காலத்திலே பாவேந்தருக்கும் கழகத்தாருக்கும் பிணக்கு நேர்ந்தது. கவிஞரின் பேனா நம்மவர்மீதும் பாய்ந்தது. ஆனால் யாராவது அந்தப் பாட்டை ஒளித்து வைத்தார்களா? கழக மேடையிலே பாடாமல் விட்டார்களா? கோபம் கரைந்தது, குழல் நின்றது. கட்சித் தோழன் கற்க வேண்டிய பாடம் இது. ஆளோடு பிணங்கலாம், அவர் தந்த அமுதோடு பிணங்கலாகாது.

இப்போது பாட்டின் உள்ளே போவோம். துன்பம் வந்தபோது மனிதன் என்ன செய்வான்? கோவிலுக்கு ஓடுவான், குறி கேட்பான், தலைவிதி என்று நெற்றியைத் தொடுவான். இந்தப் பாட்டிலே அந்த ஓட்டம் இல்லை. மேலுலகத்தைப் பார்த்து நீட்டிய கை இல்லை. யாழிசையைக் கேட்கிறது. அன்பு வறண்ட நெஞ்சுக்குத் தமிழ்ப் பாட்டைக் கேட்கிறது. வல்லடியும் வறுமையும் சூழ்ந்த நாட்டிலே உணர்ச்சி ஊட்ட, பழந்தமிழ்க் கூத்தைக் கேட்கிறது. எது அறம், எது மறம் என்று அறியாமல் திகைக்கும்போது குறளிலிருந்து ஒரு சொல்லைக் கேட்கிறது. அகமும் புறமும் கண்ட புலவர்களின் நூலிலே தேர்ச்சியைக் கேட்கிறது. தலைவன் என்று அது தலைவணங்கும் ஒரே ஒருவர், குறள் தந்த வள்ளுவர். யாழ், பாட்டு, கூத்து, குறள், அகம்-புறம். இயல், இசை, நாடகம் மூன்றும் ஒரு பாட்டுக்குள்!

யாரிடம் கேட்கிறது? இங்கேதான் நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை. படத்திலே அது காதலர் பாட்டாக வந்தது. காதலன் காதலியைக் கேட்கிறான் என்றே நாடு நினைத்தது, இன்றும் நினைக்கிறது. ஆனால் கடைசி அடிக்கு வாருங்கள். இத்தனையும் கற்று, பெற்றவர்களாகிய எங்களுக்கு உயிரனைய செல்வமாக நீ விளங்க மாட்டாயா என்றல்லவா முடிகிறது! காதலியைப் பார்த்து எவனாவது "உன்னைப் பெற்றவர்கள் நாங்கள்" என்று சொல்வானா? இது தாயும் தந்தையும் தங்கள் மகளைப் பார்த்துப் பாடும் பாட்டு. வேலை செய்து வீடு திரும்பிய பெற்றோர், தாங்கள் கற்காததை மகள் கற்று, தங்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று கேட்கும் பாட்டு!

மகளிடம் கேட்கிறார் பாவேந்தர். எதை? "அடக்கமாக இரு, அடுப்பைப் பார்" என்றா? இல்லை. அறம் எது என்று எனக்கு எடுத்துச் சொல் என்கிறார். அப்பனுக்கு நீதி சொல்லும் அறிவு மகளுக்கு வேண்டும் என்கிறார். பெண் படித்தால் ஊர் கெடும் என்று திண்ணையிலே பேசிய காலத்திலே, மகளை ஆசிரியை ஆக்கி, தந்தையை மாணவன் ஆக்கிய துணிவு இது!

இந்தத் துணிவின் அருமை பாகூர்க்காரர்களுக்குத்தான் நன்றாகப் புரிய வேண்டும். பாகூர்ச் செப்பேடு என்று வரலாற்றிலே ஒன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலம். பாகூரிலே பெரிய கல்விச்சாலை இருந்தது. அதை நடத்த மூன்று ஊர்களை அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். மூன்று ஊரின் வருவாய்! கல்விக்குக் கொடை கொடுத்த ஊர் என்று மார் தட்டலாம், தட்டவும் வேண்டும். ஆனால் அங்கே ஓதப்பட்டது என்ன? வேதமும் வடமொழிச் சாத்திரமும். ஓதியவர் யார்? பிரமதேயம் பெற்ற மறையோர். ஏர் பிடித்தவன் வரி கொடுத்தான். அவன் மகன் ஏடு பிடிக்கவில்லை. மகன் கதியே அதுவென்றால் மகள் கதி என்ன? ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, அதே புதுவை மண்ணிலிருந்து ஒரு வாத்தியார் எழுந்து, "மகளே, நீ எடு, நீ பாடு, நீ சொல்" என்றார். செப்பேட்டுக்கு வந்த மறுமொழி அந்தப் பாட்டு!

"பாட்டு இனிக்கிறது, சரி, பசி தீருமா?" என்று ஆலைத் தோழர் கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. 1936 ஜூலை 30ஆம் நாள் புதுவை சவானா ஆலையிலே பிரெஞ்சு ஆட்சி சுட்டது. 12 தொழிலாளர் மாண்டனர். தோழர் வ.சுப்பையா போன்றோர் நடத்திய போராட்டத்தின் பயனாக 1937இலே 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. எட்டு மணி நேரம் வேலை என்றால் என்ன பொருள்? மிச்சமுள்ள நேரம் மனிதனுக்கு என்று பொருள். எந்த மனிதன்? ஓய்ந்து வீடு வந்து, மகளைப் பக்கத்தில் அமர்த்தி, "படித்ததைச் சொல்லு தாயே" என்று கேட்கும் மனிதன்! வேலை நேரத்தைக் குறைக்கக் குருதி கொடுத்தவர்கள் தொழிலாளிகள். குறைந்த நேரத்தை எதனால் நிரப்புவது என்று பாட்டாலே சொன்னவர் பாவேந்தர். இரண்டும் ஒரே போரின் இரண்டு முனை.

அந்த ஆலைகள் இன்று எங்கே? ஏ.எப்.டி. ஆலை, சுதேசி ஆலை, பாரதி ஆலை, மூன்றும் 2020ஆம் ஆண்டிலே மூடப்பட்டன. சங்கொலி கேட்டுச் சைக்கிளிலே கிளம்பிய வில்லியனூர்த் தொழிலாளர் வீட்டிலே இன்று சங்கொலி இல்லை. துன்பம் நேர்ந்திருக்கிறது; யாழும் இல்லை! ஆலை போன வீட்டிலே மிச்சம் இருக்கும் ஒரே சொத்து, பிள்ளையின் படிப்பு.

அந்தப் படிப்பிலே தமிழுக்கு இடம் எவ்வளவு? 2023-24 கல்வியாண்டு முதல் புதுவை அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. போட்டித் தேர்வுக்கு உதவும் என்கிறார்கள். உதவட்டும், எதிர்ப்பில்லை. கூடப்பாக்கத்துப் பிள்ளையும் குருவிநத்தத்துப் பிள்ளையும் மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும். ஆனால் அந்த மாற்றத்தோடு தமிழின் இடம் என்ன என்ற கேள்வியும் எழுந்ததே, அதற்கு விடை வேண்டும். அகமும் புறமும் அறியாத பிள்ளையிடம் போய் அந்தப் பாட்டின் கடைசி அடியைப் பாட முடியுமா? புதுவை அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தே பாவேந்தர் இயற்றியது. காலையிலே அவர் வாழ்த்தைப் பாடவைத்து, பகலிலே அவர் கேட்ட தமிழைச் சுருக்குவது வாழ்த்தா, வஞ்சகமா?

1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரிலே மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிர்த்து 8 பேர். பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அன்று நாம் விட்டுக் கொடுத்தது வெள்ளையன் ஆட்சியை, தமிழை அல்ல! அடுத்த ஆண்டே, 1955 தேர்தலிலே, புதுவைச் சட்டமன்றத்துக்குப் பாவேந்தரை மக்கள் அனுப்பினார்கள். பள்ளி வாத்தியார் சட்டமன்றம் ஏறினார். அது பாட்டுக்குக் கிடைத்த வாக்கு.

திரையுலகம் அவரைச் செல்வராக்கவில்லை. 1937இல் "பாலாமணி" படத்துக்கே பாட்டெழுதியவர். 1950இல் அவருடைய "எதிர்பாராத முத்தம்" காவியம் "பொன்முடி" ஆயிற்று. 1952இல் "வளையாபதி"க்கு எழுதினார். கடைசியிலே "பாண்டியன் பரிசு" காவியத்தைத் தாமே படமாக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போனார். படம் முடியவில்லை, 1964 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர் முடிந்தது. உடல் புதுவைக்கு வந்தது. ஆனால் பாட்டுகள் உறங்கவில்லை. 1965இலே "கலங்கரை விளக்கம்" படத்திலே அவருடைய சங்கு முழங்கியது. "பஞ்சவர்ணக்கிளி"யிலே தமிழின் அமுதம் பி.சுசீலாவின் குரலிலே சொட்டியது. 1966இலே "சந்திரோதயம்" படத்திலே புதிய உலகம் படைக்கும் அறைகூவல் சீர்காழி கோவிந்தராசனின் தொண்டையிலே இடியாய் எழுந்தது. 1969இலே "பிசிராந்தையார்" நாடகத்துக்குச் சாகித்திய அகாதமி பரிசும் கிடைத்தது, ஆள் போன பிறகு!

நாம் பேசும் பாட்டையும் இன்று இசை மன்றங்களிலே பெரிய வித்துவான்கள் பாடுகிறார்கள். மகிழ்ச்சி! எப்போது பாடுகிறார்கள்? பெரும்பாலும் கச்சேரி முடியும் நேரத்திலே, துக்கடா வரிசையிலே. தமிழிசைக்காரர்கள் கேட்ட கேள்வி இன்னும் பாதி விடையோடுதான் நிற்கிறது.

மன்றம் எப்போதாவது பாடட்டும். நாம் எப்போது பாடப் போகிறோம்? ஒதியம்பட்டிலும் உறுவையாற்றிலும், கிருமாம்பாக்கத்திலும் சேலியமேட்டிலும் நம் படிப்பகங்கள் இருக்கின்றன. நாளேடு மட்டும் விரிக்கும் இடமாக அவை இருந்தால் போதாது. கிழமைக்கு ஒருநாள் மாலை, ஊர்ப் பெண்பிள்ளைகளை முன்வரிசையிலே அமர்த்துங்கள். ஒரு குறள், ஒரு புறப்பாட்டு, பாவேந்தரின் ஒரு பாட்டு. பொருள் சொல்லிக் கொடுக்கத் தமிழாசிரியர் ஒருவரை அழையுங்கள். தந்தைமார் பின்வரிசையிலே உட்காருங்கள், மகள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள்! பள்ளியிலே தமிழாசிரியர் இடம் காலியாக இருந்தால் மனு எழுதுங்கள். மனு தூங்கினால் திரண்டு போய் எழுப்புங்கள்.

உரிமை யாருக்கு என்று தொடக்கத்தில் கேட்டேன். கவிஞர் கொடுத்தார், தேசிகர் மெருகேற்றினார், அண்ணா மேடையேற்றினார், படம் பரப்பியது. பாட்டு யாரைத் தேடி வந்ததோ அந்தச் சிறுமி, சேற்று வரப்பிலே புத்தகப் பையோடு நடந்து போகிறாள். அவளிடம் இன்னும் அது முழுதாகப் போய்ச் சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பது தோழர்களாகிய உங்கள் கடமை!